முத்தம்மாவுக்கு அம்மை போட்டிருந்த நாட்கள்

கிந்தா பள்ளத்தாக்கின் காலைப் பனியில் வெள்ளுடையோடு விரைந்து வந்தவரே! பேறுகாலப் பெண்டிரின் பெருந்துணையே! எங்கள் தோட்ட மருத்துவமனையின் தலைமைச் செவிலியராக இருந்து இன்று ஓய்வு பெறும் எல்ஸி அம்மையார் அவர்களே!

உங்களைப் பற்றி உங்களிடமே பேசினால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். ஆகவே அவையோரிடம் சொல்கிறோம். நீங்கள் சும்மா இருந்து கேளுங்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு. ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கும் கருப்பம்மாளின் மகள் முத்தம்மாவுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தெலுக் இந்தானிலிருந்து தங்கை பாப்பா நிறைமாத வயிற்றோடு பஸ் ஏறிவிட்டாள். தாயில்லாத அவளுக்கு அக்காள் வீடுதான் தாய்வீடு. தான் வேலைக்குப் போனால் பிள்ளையின் அருகில் உட்கார ஆளாயிற்று என்று கருப்பம்மாளுக்கும் நிம்மதி. ஆனால் பாப்பாவுக்கு அம்மை போட்டதே கிடையாது. பேறு நெருங்கும் நாளில் தாய்க்குக் கண்டால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்று அறிந்த அம்மையார், பதறிப்போய்த் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினார்.

"அவளுக்கு ஒரு ஊசி போட்டுட்டா போதும்லா மிஸ்ஸி," என்றாள் கருப்பம்மாள்.

"ஊசி போட்டுக் கொல்ல அந்தக் கிருமிக்குன்னு தனியா உயிர் வேணும்ல? கையில ஒரு வாளிகூட இல்லாம ரப்பர் ஸ்டோருக்குள்ள நுழையிற ஆளு அது. உள்ள இருக்கிறவங்கள வேலை வாங்கி, தன்னையே ஆயிரமா செஞ்சிக்கும்."

"பெத்தெடுக்க வர்ற புள்ளைய வாசலோட திருப்பவா? அம்மா இறங்கின முத்தம்மா பக்கத்துல உக்கார வேற ஆளு கிடைக்கிறதும் சூசாலா, லேசில்ல."

"நான் உக்காருறேன். பாப்பா என் குவாட்டர்ஸ்ல இருக்கட்டும்."

"நீங்க வேதக்காரங்க மிஸ்ஸி, சர்ச்சுக்குப் போறவங்க."

"மீனு தொடமாட்டேன், தாளிக்கமாட்டேன். குளிச்சிட்டு வாரேன், போதுமா?"

கருப்பம்மாள் வாசலை விட்டு விலகி வழிவிட்டாள். சிறுவயதில் காம்பார் ஊரில் அம்மையாருக்கு அம்மை கண்டிருந்தது; வந்த கிருமியின் முகத்தை அவர் உடல் மறக்கவில்லை. அந்தத் துணிவில்தான் விடுப்பெடுத்து உள்ளே நுழைந்தார்.

செபமாலை மடியிலும் வேப்பிலைக் கொத்து கையிலுமாக, தூக்கமும் விழிப்புமாய்க் கழிந்த அந்தப் பகல்களில், கண்ணுக்கெட்டாத அந்தச் சிற்றுருவை அவர் மனம் கண்டுகொண்டே இருந்ததாம். கொழுப்பாலான மெல்லிய போர்வை; அதனுள் கட்டம் கட்டமாய்க் கோத்த புரதக் கூடு; கூட்டுக்குள் சுருண்டு கிடக்கும் மரபிழை. அவ்வளவுதான் அது! பசியில்லை, மூச்சில்லை. காற்றில் மிதந்து வரும். உயிரணுவின் சுவரில் ஒட்டும். போர்வை களைந்து, கூடு திறந்து, இழையை மட்டும் உட்கருவுக்குள் இறக்கும். ஏமாந்த உயிரணு தன் வேலையை மறந்து, இழையை இழையாய்ப் படியெடுக்கும், கூடுகளைத் தனியே வார்க்கும். பிறகு இழை கூட்டில் அடங்க, கூடு போர்வை போர்த்த, அடுத்த அணுவைத் தேடிக் கிளம்பிவிடும். முத்தம்மாவின் முதுகில் எழும்பிய ஒவ்வொரு முத்தும் அப்படி ஓய்ந்துபோன அணுக்களின் கண்ணீர் என்று அம்மையாருக்குத் தோன்றியதாம்.

ஒருநாள் காலை, எங்கள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் டிரெஸர் அலெக்சாண்டர் சாலையில் நின்றபடியே கூவினார்: "பொம்பளப் புள்ள மிஸ்ஸி! ரெண்டு பேரும் சொகம்!"

எத்தனையோ பிள்ளைகளை ஏந்திய கை அது. எழுந்த அம்மையார் மறுபடி உட்கார்ந்துவிட்டார். முத்துகள் இன்னும் காயவில்லை. தண்ணீர் ஊற்றும்முன் வெளியே போகக்கூடாது என்றது வீட்டு வழக்கம், காயும்முன் போகக்கூடாது என்றது அவர் படிப்பு. இரண்டுக்கும் கட்டுப்பட்டுக் கிடந்தார். அந்நாட்கள் அவருக்கு மிகவும் கனத்தன.

தண்ணீர் ஊற்றிய அன்று, மகளுக்கு ஊற்றிய கையோடு அம்மையார் தலையிலும் மஞ்சள்நீரை ஊற்றினாள் கருப்பம்மாள். குவாட்டர்ஸ் வாசலில் குழந்தையோடு நின்றாள் பாப்பா. அதன் மேனியில் ஒரு முத்துகூட இல்லை. ஆசையாய்க் கை நீட்டிய அக்காளிடம் அவள் கொடுக்கவில்லை.

"இரு அக்கா. மொதல்ல மிஸ்ஸி தூக்கட்டும்."

எங்கள் எல்ஸி அம்மையார் தேம்பித் தேம்பி அழுததை நாங்கள் கண்டது அன்று ஒருநாள்தான்.

அம்மையீர்! உடல் நலமும் உள்ள நிறைவும் உங்களோடு நீடு வாழ்க! இனியேனும் பகலில் நிம்மதியாய்க் கண்ணயருங்கள். வாசலில் யாராவது வந்து "மிஸ்ஸி" என்று கூப்பிட்டால், நாங்கள் போய்க்கொள்கிறோம்.

என்றும் அன்புடன்,
தோட்ட மருத்துவமனை ஊழியர்கள்,
செமோர், 1984