பதினான்கு ரோதை முனிகள்

எனக்கு வாய்வுத் தொல்லை உண்டு, டாக்டர். இருபது வருடமாக உண்டு. இந்தக் கையெழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கும் அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நான் மாரிசாமி. மடுல்சீமைப் பக்கத்தில், நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கும் இந்தத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர் சனங்கள் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் திருத்துவதில்லை, பாவம், அவர்கள் மனம் நோகும்.

எல்லாம் பெரியாயியால் வந்தது. அவள் புருசன் அழகையா எங்கள் ரோதை முனியின் பூசாரி. தேயிலை ஆலையில், ஸ்டோர் என்போம், கொழுந்து அரைக்கும் ரோதைச் சக்கரங்களைக் காக்கிற சாமி அது. வருடா வருடம் பூசை போட்டுச் சாராயம் படைக்காவிட்டால் சக்கரம் யாருடைய கையையாவது கேட்கும் என்பது நம்பிக்கை. படைத்த சாராயத்தைப் பூசாரி குடிக்க வேண்டும். அழகையா மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் ஒத்திகை பார்த்தான்.

போன வருடம் அவனைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடியை ஒரேயடியாக நிறுத்தியதில் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள், படுக்கை விரிப்பில் இல்லாத பூச்சிகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டான். நாட்பட்ட குடிகாரனுக்கு அப்படித்தான் ஆகும் என்று பெரியாயிக்கு நானே விளக்கினேன். அவன் தேறி வந்து, வந்த வாரமே மறுபடி தொடங்கினான்.

"ஈரல் வீங்கிப்போச்சாம்ங்க. இன்னும் ஒரு வருசம் இப்பிடிக் குடிச்சா ஆளு தங்காதுன்னு பெரிய டாக்டரு சொல்லிட்டாரு. மூணு புள்ளைங்க இருக்குங்க அய்யா," என்று என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழகையாவைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். "நானாங்க குடிக்கிறேன்? சாமியில்ல குடிக்குது," என்றான்.

சாமிக்கு மருந்து கொடுப்பது என்று அப்போது தீர்மானித்தேன்.

குடியை வெறுக்க வைக்கும் குளிசை உங்களுக்குத் தெரியும். அதைச் சாப்பிட்டவன் குடித்தால் பத்து நிமிடத்தில் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் இறங்கும். நோயாளிக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது, ஈரல் கெட்டவனுக்குக் கொடுக்கவே கூடாது என்று டப்பாவில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு இங்கிலீஷ் நன்றாகவே வாசிக்க வரும்.

வயிற்றில் சாராயம் இருக்கும்போது அதைக் கொடுக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் ஆண்கள் முழுநாள் குடிக்காமல் இருப்பது பூசை விரதத்தில் மட்டும்தான். முதல் நாள் காலையிலிருந்து வெறும் தேத்தண்ணி. அதையும் எல்லாரும் ஒரே வாளியில் மொண்டுதான் குடிக்க வேண்டும். தனியாக வாங்கிக் குடித்தால் விரதம் முறிந்தது. அழகையாவுக்கு மட்டும் கொடுக்க வழியில்லை. ஆகவே பூசையன்று காலை வாளியிலேயே போட்டுக் கலக்கினேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று முதல் கோப்பையை நானே குடித்தேன். குடிப்பழக்கம் இல்லாதவனுக்கு அந்தக் குளிசை ஒன்றும் செய்யாது.

சாயங்காலம் ஸ்டோரில் சக்கரங்களுக்கு முன்னால் பூசை நடந்தது. அழகையா படையல் சாராயத்தைக் குடித்தான், மிச்சத்தை மற்றவர்களுக்குப் பிரசாதமாக ஊற்றினான். முதலில் அவன் முகம் சிவந்தது. சாமி வந்துவிட்டது என்று உருமி மேளத்தை ஓங்கி அடித்தார்கள். பிறகு அவனருகில் நின்ற கந்தப்பன் சிவந்தான். அவனை அடுத்து இன்னும் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா. ஆபீஸில் மதுவிலக்குச் சங்கம் வைத்திருப்பவர். சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நாந்தான் ரோதை முனி," என்றார். வெட்கத்தை மறைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

குறி கேட்க வந்திருந்த அங்கம்மா தேங்காய்த் தட்டுடன் வரிசை நெடுக நடந்தாள். "பதினாலு சாமி நிக்குது. நான் எந்தச் சாமிகிட்டங்க குறி கேக்கிறது?" என்று என்னிடம் வந்தாள். வாந்தி எடுக்காத சாமியிடம் கேள் என்றேன். அப்படி ஒன்றுமில்லை.

இதற்குள் சாமிக்குத் தாகம் போலிருக்கிறது என்று யாரோ அழகையாவின் வாயில் இன்னொரு கிளாஸ் ஊற்றினார்கள். நான் தடுத்திருக்கலாம். நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று நாற்பது வரை எண்ணினேன், அப்புறம் எண்ணுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. பெரியாயி என் காலடியில் விழுந்து, "அய்யா, அவர எனக்குக் குடுத்துருங்க," என்றாள். அவள் சாமியைக் கேட்கிறாளா என்னைக் கேட்கிறாளா என்று புரியாமல், சரி என்றேன்.

இந்த அமளியில் எனக்கு வாய்வு பிடித்துக்கொண்டது. வழக்கப்படி டிஸ்பென்சரிக்குப் போய் இஞ்சி டிங்சர் நாலு மடக்கு சாப்பிட்டேன். ஸ்பிரிட்டில் ஊறிய இஞ்சிதான், அது மருந்து. காலையில் ஒரு தடவை, பதினொரு மணிக்கு, பிறகு மாலையில் தேவையைப் பொறுத்து. அன்று பூசை வேலையில் மாலை வரை அதைத் தொட நேரமில்லை. தொட்டதும் என்னவோ முகம் காந்தியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, வாசற்படியிலேயே விழுந்துவிட்டேன். பனிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

லொறியில் பதினைந்து பேரைப் பதுளைக்கு ஏற்றினார்கள். பசறை தாண்டும்போது அழகையாவுக்கு நினைவு திரும்பியது. பக்கத்தில் கிடந்த என்னைப் பார்த்து, "அய்யாவுக்குமா சாமி வந்துச்சு?" என்றான். வாய்வு என்றேன்.

அவன் பிழைத்துவிட்டான். முனிக்கு இனிச் சாராயம் ஆகாது, இளநீர்தான் என்று அவனே குறி சொல்லிவிட்டான். பெரியாயி நேற்று சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கப் போனாள். வாளியில் குளிசை போட்டது நான்தான், டாக்டர். தெரிந்தே போட்டேன். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். நீங்கள் டிஸ்பென்சரிக்குச் சீல் வைத்து இன்றோடு மூன்று நாள். அந்த இஞ்சி டிங்சரை மட்டும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாய்வு முற்றியதில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. இந்தத் தாளெல்லாம் எறும்பு ஊர்கிறது, தட்டித் தட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் பியோன் எறும்பே இல்லை என்கிறார். அவருடைய கண்ணை ஒரு தடவை பரிசோதித்துப் பாருங்கள், டாக்டர். குடிக்கிற ஆளாக இருக்கும்.