இரண்டு தட்டுச் சக்லி

தலைமை நாற்காலியைத் தன் பொறுமையால் நிரப்பி வீற்றிருக்கும் இந்துமதி அம்மையே! அடிக்கிற அலைக்கும் அதட்டுகிற காற்றுக்கும் அசையாத மால்வண் கரையின் மூத்தோரே! மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து காய்த்துப்போன தாய்மாரே! பின்வரிசையில் வேர்க்கடலை தின்றுகொண்டு, இந்தக் கிழவி எப்போது இறங்குவாள் என்று பார்த்திருக்கும் மருமக்கள்மாரே! யெசுபாய் குபல் உங்கள் அத்தனை பேருக்கும் கைகூப்புகிறாள்.

மேடையில் ஏறியவர்கள் இன்று வந்தவர்களின் பெயரைச் சொல்வார்கள். நான் அன்று இருந்தவர்களின் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று என் அடுப்படியில் இருந்தவள் நான். என் மருமகள் இருந்தாள். இதோ தலைமை வகிக்கிறாளே, இவளேதான், அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத சின்னப் பெண். அச்சு பிழிய வந்த பக்கத்து வீட்டுத் துள்சாகாகூ இருந்தாள். இன்று அவள் மண்ணுக்குள். தேவ்காட்டிலிருந்து வந்த காசிபாய், இந்துமதியைப் பெற்றவள், அவளும் இன்று இல்லை. வாசலில் வலை முடைந்துகொண்டு என் வீட்டுக்காரர் இருந்தார். இருக்க வேண்டிய ஒருவன் இல்லை. என் மகன் தத்தாராம் இல்லை.

தீபாவளி வருகிறது, வீட்டிலேயே சக்லி முறுக்கு சுடுவது எப்படி என்று பெண்களுக்குச் சொல்லுங்கள் என்று மகளிர் மண்டலத்தார் கேட்டார்கள். சொல்கிறேன். அரிசி, கடலைப்பருப்பு, உளுந்து, தனியா, சீரகம், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். சேர்த்துக் கொட்டி வறுப்பவள் சோம்பேறி. அரைத்த மாவில் காய்ந்த எண்ணெய் ஊற்ற வேண்டும். என்ன? எத்தனை கரண்டியா? கரண்டியைக் கேட்காதே மகளே, கையைக் கேள். மாவைப் பிடித்தால் பிடித்தபடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். எண்ணெய் கூடினால் சக்லி சட்டியில் கரைந்து போகும். குறைந்தால் பல்லை உடைக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றும் சிரிப்போடுதான் ஆரம்பித்தோம்.

அந்த வருஷம் தசரா கழிந்து வந்த பௌர்ணமிக்கு என் தத்தாராம் சின்னப் படகில் தனியாகக் கடலுக்குப் போனான். மாலையில் வானம் கறுத்தது. காற்று கதறியது. ஊரின் படகெல்லாம் கரை சேர்ந்தது, அவன் படகு சேரவில்லை. பிறகு அதுவும் வந்தது, அடி மேலாகக் கவிழ்ந்து, ஆளில்லாமல். உடல் வந்ததா? இல்லை. சட்டை வந்ததா? இல்லை. சட்டைகூட வராதவனை எப்படி ஐயா செத்தவன் என்பது? எந்த வாயால் சொல்வது? யாரை வைத்து அழுவது?

ஊர் அழுதது. நான் அழவில்லை. இந்துமதியையும் அழவிடவில்லை. தினமும் காலையில் அவள் கரைக்குப் போவாள், நிற்பாள், திரும்புவாள். கையில் சுமங்கலிக்குரிய பச்சைக் கண்ணாடி வளையல் அப்படியே இருந்தது.

தீபாவளி வந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏறுமா? ஏறாது. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து தருவார்கள். அந்த வீட்டின் தலைவர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால், சாவை வீடு ஒத்துக்கொண்டது என்று பொருள். இது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் நான் விடிந்ததும் விடியாததுமாக அடுப்பை மூட்டினேன். கதவைத் திறந்தேன், ஜன்னலைத் திறந்தேன். என் வீட்டு எண்ணெய் மணம் தெருக்கோடிவரை போகட்டும், என் மகன் உயிரோடு இருக்கிறான் என்று வீடு வீடாகச் சொல்லட்டும்!

துள்சாகாகூ அச்சைக் கையில் எடுத்தபடியே கேட்டாள்: "ஏண்டி யெசு, ஊரு என்ன சொல்லும்?"

"மூக்கப் பொத்திக்கிட்டுப் போகச் சொல்லு காகூ. நீ பிழி."

அவள் இந்துமதியின் பக்கம் திரும்பினாள். "ஒம் மாமியார் மண்டைய இந்த எண்ணெயில போட்டாக்கூட வேகாதுடி. எண்ணெய்தான் தீரும்."

இந்துமதி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே காசிபாய் வந்து நின்றாள். இடுப்பில் துணி கட்டிய டப்பா. என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா?

"சம்பந்தியம்மா, இந்த வருஷம் ஒங்க வீட்டுல எண்ணெ காயக் கூடாது. நாங்க சுட்டுக் கொண்டாந்திருக்கோம்."

"எங்க வீட்டுல யாரு செத்தா?"

"எம் பொண்ணுக்கு இருவது வயசு. தெனமும் கரையில போயி நிக்கிறாளாம். எத்தன காலத்துக்கு நிப்பா?"

"காலு வலிச்சா ஒக்காருவா. நீ போயி ஒன் வீட்டு அடுப்பப் பாரு."

அப்போது பார்த்து, சட்டியில் போட்ட சக்லி பிரிந்தது. ஒன்று, இரண்டு, அத்தனையும் நூல் நூலாக உதிர்ந்து நுரையோடு மிதந்தது. காசிபாய் எட்டிப் பார்த்தாள்.

"பாருங்க. ஒங்க சக்லிக்கே தெரிஞ்சிருக்கு."

தாய்மாரே, கேட்டுக்கொள்ளுங்கள். அது சகுனமுமில்லை, சாபமுமில்லை. மாவில் எண்ணெய் ஒரு கரண்டி கூடிவிட்டது, அவ்வளவுதான். உதிர்ந்ததை அரித்தெடுத்து வெளியே கொட்டினேன். மாவில் இரண்டு பிடி வறுத்த மாவைச் சேர்த்து மறுபடி பிசைந்தேன். துள்சாகாகூ பிழிந்தாள். இந்துமதி சுற்றின் நுனியை அழுத்தி ஒட்டினாள். அவள் வளையல் ஓசையோடு சக்லி சட்டிக்குள் இறங்கியது. குமிழி பொங்கியது, தணிந்தது, அடங்கியது. எடுத்தேன். சுற்று குலையவில்லை, முள் மழுங்கவில்லை, பொன்னாய்ச் சிவந்த சக்லி! என் ஆயுளில் அதுபோல் இன்னொரு தடவை எனக்கு வரவில்லை.

தட்டில் அடுக்கி வாசலுக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். காசிபாய் சும்மா இருப்பாளா? டப்பாவைத் திறந்து, தன் சக்லியை ஒரு தட்டில் கொட்டி, இடது பக்கம் வைத்தாள். ஆறிப்போன சக்லி. பழைய எண்ணெய் வாடை.

இந்துமதி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, என்னைக் காட்டி மாமனாரிடம் சொன்னாள்: "பாபா, ஆயி சுட்டது சூடா இருக்கு. எடுத்துக்கோங்க."

அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. கடலைப் பார்த்தாரா? அதுவும் இல்லை. மருமகளின் கையைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது பக்கம் கையை நீட்டி, காசிபாயின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, உடைத்து, வாயில் போட்டு மென்றார். விழுங்கினார்.

"உப்பு சரியா இருக்கு" என்றார்.

ஐயா, ஒரு தகப்பன் தன் மகனைக் கரையேற்றாமல் கடலிலேயே விட்டுவிட்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சக்லியை மெல்லும் நேரம் ஆகும்!

காசிபாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். துள்சாகாகூ அச்சைக் கீழே போட்டாள். இதோ இருக்கிறாளே இந்துமதி, இவள் அழவில்லை. அடுப்படிக்குள் போனாள். ஜாடியில் இருந்த பச்சை எண்ணெயை எடுத்து மணிக்கட்டில் தடவினாள். வளையல்களை ஒவ்வொன்றாக வழுக்கிக் கழற்றித் தரையில் வரிசையாக வைத்தாள். அழுகை கேட்டு, வளையலைக் கல்லில் மோதி உடைக்க ஓடிவந்த தெருப் பெண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை, என்னைத் தவிர அங்கே எதுவும் உடையவில்லை.

அந்த வாரமே காசிபாய் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு தேவ்காட்டில் நல்லவன் ஒருவன் வந்தான், பிள்ளைகள் வந்தார்கள், பேரன் பேத்தி வந்தார்கள், இந்தத் தலைமையும் வந்தது. வாழட்டும், நூறு வருஷம் வாழட்டும்! காசிபாயை நான் என்றோ விட்டுவிட்டேன். அவள் தன் பிள்ளைக்காக வந்தாள். எனக்கும் பிள்ளைதான். கணக்கு சரி.

இப்போது மேடை ஏறும்போது இந்துமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயி, பாபாவ மன்னிச்சிருங்க. அன்னிக்கு அவரு அதத் தின்னலைன்னா, நான் இன்னிக்கும் அந்தக் கரையிலதான் நின்னுக்கிட்டிருப்பேன். என்னப் பாத்துத்தான் தின்னாரு" என்றாள். சரிதான் மகளே. நீ சொல்வது சரி. ஊர் சொன்னதும் சரி. அவர் செய்தது நல்லதாகவே இருக்கட்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் தத்தாராமுக்கு அந்த வீட்டில் யார் மிச்சம் இருந்தார்கள்?

அதற்குப் பிறகும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சக்லி சுட்டேன். அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றினேன், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தேன். சக்லி வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. படுக்கையில் விழுந்து கிடந்த வருஷம் மட்டும், மணம் வந்ததும் தலையைத் திருப்பினார். "ஒரே ஒண்ணு குடேன், யெசு" என்றார். "தேவ்காட்டுலேர்ந்து வரும், இருங்க" என்றேன். அவர் பல் இல்லாத வாயை மூடிக்கொண்டார்.

ஏன் உச்சுக் கொட்டுகிறீர்கள்? கொடுமைக்காரி என்றுதானே? இருக்கட்டும்.

என் பெண்களே, இதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். அடுப்பு உன் கையால் மூட்டியது. எண்ணெய் உன் கையால் ஊற்றியது. நீ நம்பும்வரை அது காயட்டும்! நீ காத்திருக்கும்வரை அது காயட்டும்! உன் கை ஓய்ந்து, உன் மனம் ஒப்பி, நீயே சட்டியை இறக்கும் நாள் வரும், வராமலும் போகும். அதற்கு முன்னால் அம்மா வந்து சொன்னாலும், ஊர் வந்து சொன்னாலும், உன்னைத் தொட்டு மணந்தவனே வந்து சொன்னாலும் இறக்காதே! உன் நெருப்பை அணைக்க உன்னைக் கேட்காமல் எவனுக்கும் உரிமை இல்லை!

பேச இடம் தந்த மண்டலத்தாருக்கு நன்றி. இவ்வளவு நேரம் உட்கார்ந்த உங்களுக்கு நன்றி. தீபாவளி எல்லோர் வீட்டிலும் வெளிச்சமாக வரட்டும்.

இறங்கும் முன்னால் ஒன்று. நம்மில் எந்தப் பெண்ணும் கட்டியவன் பெயரைச் சொல்வதில்லை. மணப்பந்தலில் அவர் பெயரைச் சொல்லச் சொல்லி எல்லோரும் கேட்டபோதும் நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிதையில் எரிந்தபோதும் அந்தப் பெயருக்கு வாய் திறக்கவில்லை. இன்று ஊரறிய, கடலறிய, மைக் வைத்துச் சொல்கிறேன். கடவுளே வந்து கேட்டாலும் நான் மன்னிக்காத ஆள் ஒருவர். அவர் பெயர் விஷ்ராம் குபல்.