நாலு மணிக்கு வர்ற பார்ட்டி

— ஹால் பல்பை எதுக்குங்க மாத்தினீங்க?

— மங்கலா எரிஞ்சுது, மாத்தினேன். அதுக்கும் ஒரு கேள்வியா?

— ஆறு மாசமா கத்தினேன், காதுல ஏறல. இன்னிக்குத்தான் மங்கலாத் தெரிஞ்சுதாக்கும்! வாசக் கதவுக்கு எண்ணெய் விட்டிருக்கீங்க. ஜன்னலெல்லாம் விரியத் திறந்து கிடக்கு. ஏங்க, ஒரு வீட்டு புரோக்கரோட பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். வீடு காட்டறதுக்கு முன்னாடி நீங்க என்னென்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?

— ஐயோ, நீ ஒருத்தி! அதெல்லாம் ஒண்ணுமில்ல. என்னை நம்பு.

— நீங்க ‘நம்பு’ன்னு சொன்னாலே எனக்குச் சந்தேகம்தான் வருது. ஹால்ல இருந்த காலண்டர் எதுக்கு சமையல்கட்டுக்குப் போச்சு?

— தேதி பாக்க உனக்கு வசதியா இருக்கும்னு...

— கதை விடாதீங்க! அங்க சுவத்துல விரிசல் இருக்கு, அதை மறைக்க. போன வாரம் யாரோ ஓனருக்கு போன்ல இதையேதானே சொல்லிக் கொடுத்தீங்க? நான் பக்கத்துலதான் துணி மடிச்சிட்டிருந்தேன். சொல்லுங்க, நம்ம வீட்டை யாருக்குக் காட்டப் போறீங்க?

— சரி, ஒரு பார்ட்டி வருது. நாலு மணிக்கு.

— அடப்பாவி மனுஷா! என்கிட்ட ஒரு வார்த்தை?

— கத்தாத, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— நல்லாக் கேக்கட்டும். இது என்ன சாவி? துவைக்க எடுத்த சட்டைப் பையில இருந்துச்சு.

— அது... புதுக் கட்டடத்துல ஆறாவது மாடி வீடு. காலியாக் கிடக்கு.

— ஓஹோ! இதை வித்துட்டு அங்க குடியேற முடிவே பண்ணியாச்சு.

— இந்த அடுப்படியைக் குகை குகைன்னு திட்டறது யாரு? நீதானே?

— திட்டுவேன். எங்க அண்ணனைக்கூடத்தான் திட்டறேன், அதுக்காக அவனை எவனுக்காவது தூக்கிக் கொடுத்துடுவீங்களா? அந்தக் குகையில கண்ணை மூடிட்டு உப்பு டப்பாவை எடுப்பேன் நான். இங்கேருந்து ஒரு அடி நகர மாட்டேன், சொல்லிட்டேன்.

— கொஞ்சம் சொல்ல விடேன். ரெண்டு வாரமா அந்தச் சாவியை ஓனர்கிட்டத் திருப்பிக் கொடுக்காம வச்சிருக்கேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு அங்க போயிடுவேன். தரையில உக்காந்து சாப்பிடுவேன். என்னா காத்து தெரியுமா! சாயங்காலம் இங்க வந்து நுழைஞ்சா எரிச்சல் எரிச்சலா வரும்.

— அதான் வந்ததும் வராததுமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்களா? நான் என்னவோ ஏதோன்னு பயந்து செத்தேன்.

— நேத்து அங்க சாப்பிடறப்ப புரை ஏறிடுச்சு. இருமறேன், இருமறேன், நிக்கவே இல்ல. காலி வீடா, நாலு சுவரும் கூடவே இருமுது. தலையில தட்ட ஒரு ஆளில்ல. இங்கன்னா நீ கையில கரண்டியோடவே ஓடி வந்திருப்ப. எனக்கே வெக்கமாப் போச்சு. எவன் எவன் வீட்டையோ வாய் கிழியப் புகழறேன். இந்த வீட்டைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை பேசினதில்ல.

— இந்த உருகற வேலையெல்லாம் பார்ட்டிங்ககிட்ட வச்சுக்குங்க. நாலு மணிக்கு வர்றது யாரு?

— நான்தான்.

— என்னது?

— இப்பப் போய் சாவியைக் கொடுத்துட்டு, நாலு மணிக்கு வந்து பெல் அடிப்பேன். வீடு பாக்க வந்தவன் மாதிரி, ஒவ்வொரு ரூமா, நிதானமா ஒரு தடவை பாக்கணும்னு ஆசை. அதுக்குத்தான் பல்பு, எண்ணெய் எல்லாம். சிரிக்காத. ஏய், அழறியா என்ன?

— அழவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தனியாத்தான் வரணும், பின்னாடி எவனாவது வீட்டை அளக்க டேப்போட நின்னான்னா, கதவு திறக்காது.

— சத்தியமா தனியா வரேன்.

— அதுக்குள்ள அந்தக் காலண்டரைக் கழட்டிடறேன். விரிசலோட பாருங்க. பிடிச்சா இருங்க. பிடிக்கலன்னா நீங்க கிளம்பலாம் சார், வீடு விக்கிறதுக்கு இல்ல.