சந்திரசூடன் கெட்டுப்போன கதை

போலீஸ் ஸ்டேஷன் டீயில் ஏலக்காய் போடுவார்கள் என்று நான் நினைக்கவே இல்லை, ஐயா. நன்றாக இருக்கிறது. அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்தினால் வசதி. மெஷின் ரூமிலேயே வெகுகாலம் அடைந்து கிடந்தவனுக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்வதில்லை.

என் பெயர் அத்தாவுல்லா. வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். காலடிப்பேட்டை டெண்டு கொட்டகையில் ஆபரேட்டர். படம் ஒழுங்காக ஓடும்போது அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவு வராது. அறுந்துபோனால் மட்டும் கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும். அந்தப் பேர்களை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

நடிகர் கலாதரனுக்கு நேர்ந்ததையும் கோதண்டம் ஜெயிலுக்குப் போனதையும் கேட்டீர்கள். இரண்டும் ஒரே விஷயம்தான். முதலிலிருந்து சொன்னால்தான் நான் நல்ல எண்ணத்தில் செய்தேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

கோதண்டம் என் தோஸ்து. ஒரே தெரு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கப்பல் மேல் ஒரு சண்டைக்காட்சி எடுக்க வந்த கலாதரன், வாயில் பீடியும் தோளுக்கொரு மூட்டையுமாக ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த கோதண்டத்தைப் பார்த்தார். அன்றைக்கே அவன் ‘பவளக்கோட்டை வீரன்’ படத்துக்கு வில்லனாகிவிட்டான். கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது, மீசை ஒட்டிவிட்டது, பயமுறுத்தச் சிரிப்பது எப்படி என்று சிரித்துக் காட்டியது எல்லாம் கலாதரன்தான்.

படத்தில் கலாதரன் சந்திரசூடன் என்கிற வீரன். கோதண்டம் உக்கிரமுகன் என்கிற கடற்கொள்ளைக்காரன். உக்கிரமுகன் ஒரு குழந்தையைக் கடலில் எறியப் போவான். சந்திரசூடன் குதிரையில் வந்து தடுப்பார். கடைசியில் உக்கிரமுகன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பதுபோலப் பாசாங்கு செய்து, சந்திரசூடன் கண்ணில் மண்ணை வீசுவான். வெட்டுப்பட்டுச் சாவான். நியாயமான படம்.

தேர்தல் அமளி ஓய்ந்த கையோடு படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. அப்போது கோதண்டத்துக்குத் திருவொற்றியூர் குப்பத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் பெயர் தேசம்மா. அவள் தாய் சொக்கம்மாள் மீன் வியாபாரம் செய்கிறவள். மருமகன் நடித்த படம் என்று முதல் நாளே வந்து, திரைக்கு நேராக மணலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். குழந்தையை எறியப் போகிற இடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

“ந்தா, பச்சக் கொயந்தைய கடல்ல போடறான் பாரு! இவனுக்கா என் பொண்ண குடுக்கச் சொல்றீங்க?”

“யக்கா, அது சினிமா” என்றார்கள் பக்கத்தில்.

“சினிமாதான். மூஞ்சி அவன் மூஞ்சிதானே?”

அதற்கு என்ன பதில் என்று இன்றுவரை எனக்கும் தெரியாது. மறுநாள் தாம்பூலத் தட்டு கல்மண்டபத்துக்குத் திரும்பி வந்தது. தேசம்மா, எதிரில் கோதண்டத்தைக் கண்டால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு சந்தில் திரும்பிவிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

தோஸ்துக்கு உதவ வேண்டும் என்று தோன்றியது. என் கையில் இருந்தது ஒரு பிளேடும், அறுந்த படத்தை ஒட்டுகிற பசையும்தான்.

முதலில் அவசரப்பட்டுவிட்டேன். உக்கிரமுகனை நல்லவனாக்குவது கஷ்டம், அதற்குப் பதில் சந்திரசூடனைக் கெட்டவனாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவர் ஒரு கிழவியைக் கும்பிடுகிற இடத்தை அடுத்து, வேறெங்கோ அவர் எவனையோ அறைகிற துண்டை எடுத்து ஒட்டினேன். கிழவியையே அறைந்த மாதிரி வந்தது. கொட்டகை நம்பவில்லை. “டேய் ஆபரேட்டர், ரீல மாத்திட்டியாடா?” என்று மெஷின் ரூம் பக்கம் மண்ணை வாரி இறைத்தார்கள்.

அப்போதுதான் தொழில் புரிந்தது. நல்லவன் ஒரே நாளில் கெட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவன் வழக்கமாகச் செய்கிறதையேதான் செய்ய வேண்டும். ஏன் செய்கிறான் என்பது மட்டும் தெரியக் கூடாது.

அதன் பிறகு பொறுமையாகப் போனேன். சந்திரசூடன் ஒரு வட்டிக்கடைக்காரனை உதைப்பார். அந்த ஆள் ஏழைகளை என்ன செய்தான் என்கிற இடத்தை எடுத்தேன். உதை அப்படியே இருந்தது. இன்னொரு நாள், உக்கிரமுகன் குழந்தையை எறிய ஓங்குகிற இடத்தை எடுத்தேன். மிச்சம் இருந்தது இதுதான்: உக்கிரமுகன் ஒரு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடலோரம் நடக்கிறான். சந்திரசூடன் குதிரையில் வந்து அவனை எட்டி உதைக்கிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. அது முன்பும் அழுததுதான்.

சந்திரசூடனின் தகப்பன் சாகிற கட்டம் ஒன்று உண்டு. அதற்கடுத்து அவர் அழுவார். விதூஷகன் பானைக்குள் தலை மாட்டிக்கொள்ளும்போது சிரிப்பார். அழுகையை எடுத்துவிட்டு அங்கே சிரிப்பை வைத்தேன். ரொம்ப அழகான சிரிப்பு, ஐயா. பல் வரிசை அப்படி.

தொழிலில்லாத நாட்களில் குப்பத்து ஜனங்கள் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அவர்கள் பேசிக்கொள்வது மெஷின் ரூம் ஓட்டை வழியாகக் காதில் விழும்.

“போன வாரம் நல்லாத்தான் இருந்தான்” என்றாள் சொக்கம்மாள். “ராஜா வூட்டுப் பொண்ணு சிநேகிதம் வந்துச்சி பாரு, அப்பலேர்ந்து திமிரு ஏறிக்கினு கீது.”

“அப்பன் பொணம் கெடக்குது, பல்லக் காட்டறான். கலீஜ் பையன்” என்றார் ஒரு கட்டுமரக்காரர்.

கவனித்தீர்களா, ஐயா? காரணத்தை நான் எடுத்தேன். அதைவிட நல்ல காரணமாக அவர்களே வைத்துக்கொண்டார்கள். படம் எழுதினவர்கூட அந்த ராஜகுமாரி விஷயத்தை யோசித்திருக்க மாட்டார்.

சித்திரைக்குள் சந்திரசூடன் வந்தாலே சீழ்க்கையும் வசவும். உக்கிரமுகன் வந்தால் கைதட்டல். சொக்கம்மாள் வெற்றிலை பாக்குடன் கல்மண்டபத்துக்கு வந்து, “கொயந்தைன்னா உசுரா கீறான். என் பொண்ண நல்லா வெச்சிக்குவான்” என்று சொல்லி நிச்சயத்தை உறுதிப்படுத்திவிட்டுப் போனாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் சந்திரசூடன் அப்போது பாதிதான் கெட்டிருந்தார். ஓர் ஆளைப் பாதி கெட்டவனாக விட்டால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம். அதனால் தொடர்ந்தேன்.

படம் இவ்வளவு நாள் ஓடுகிறதே என்று முதலாளி குளிர்ந்துபோய், கலாதரனையே கொட்டகைக்கு வரவழைத்து மாலை போட ஏற்பாடு செய்தார். அதற்கு முந்தின நாள்தான் கோதண்டம் படம் பார்க்க வந்தான். கப்பல் வேலை ஓய்வில்லாமல் இருந்ததால் அதுவரை அவன் வரவில்லை. தன்னைப் பார்த்து ஜனங்கள் கைதட்டுவதைக் கேட்டால் என்னைக் கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். படம் முடிந்ததும் மெஷின் ரூமுக்கு வந்தான். முகம் சுண்டிப் போயிருந்தது.

“இன்னா நைனா பண்ணி வெச்சிக்கீற?”

“ஒன்ன நல்லவனாக்கி வெச்சிக்கீறேன்.”

“எவன் கேட்டான்? அந்தக் கொயந்த சீன் எடுத்தப்போ கலாதரன் அண்ணனே என்னைத் தட்டிக் குடுத்தாரு, தெரியுமா? பொம்பளைங்க தெருவுல என்னை மண்ண வாரித் தூத்துனாங்களே, அதான் எனக்கு மாலை. அதப் போயி வெட்டித் தூரப் போட்டுக்கீறியே!”

“இல்லாட்டி கல்யாணம் ஏதுடா?”

“சொக்கம்மா கால்ல நானே வுயிந்து புரிய வெச்சிருப்பேன். அத்த வுடு. சோறு போட்ட மனுசன இப்டியா காட்டுவே? நாளைக்கி அண்ணன் வராரு. அதுக்குள்ள எல்லாத்தயும் எட்த்து ஒட்டிடு. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

“ஒட்டிடறேன்” என்றேன்.

துண்டுகளெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நேரம் போதவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். உண்மையில் நேரம் நிறைய இருந்தது. எத்தனை நாள் வேலை அது, ஐயா. ஒட்டு எங்கே இருக்கிறது என்று எவனாவது கண்டுபிடித்தானா? ஒரு வார்த்தை, நல்லா செஞ்சிக்கீற தோஸ்து என்று அவன் சொல்லியிருக்கலாம்.

எதையும் ஒட்டவில்லை. இன்னும் ஒரே ஒரு இடத்தை வெட்டினேன். உக்கிரமுகன் மண்ணை அள்ளி வீசுகிற இடம்.

மறுநாள் கலாதரன் பட்டு ஜிப்பாவும் பளபளப்பான பூட்ஸுமாக வந்தார். கடைசி ரீலை ஓட்டிவிட்டு மாலை போடலாம் என்றார் முதலாளி. விளக்கு வைத்த நேரத்தில் ஓட்டினேன். திரையில் உக்கிரமுகன் கத்தியைக் கீழே போட்டான். மண்டியிட்டான். கைகூப்பினான். சந்திரசூடன் அவன் கழுத்தில் வெட்டினார். அப்புறம் சிரித்தார்.

நான் விளக்கைப் போட்டேன். கலாதரன் திரைக்கு முன்னால் ஏறி நின்று, இரண்டு கையையும் கூப்பிச் சிரித்தார். அதே சிரிப்பு.

சொக்கம்மாள் எழுந்தாள். “ஏன்டா பாவி, மண்டி போட்டவன வெட்டினியே, ஒனக்குக் கையி வந்துச்சா?”

கலாதரன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நடிகர்கள் அப்படித்தான். மார்பை நிமிர்த்தி, படத்தில் வருகிற வசனத்தையே பேசினார்: “தர்மம் வென்றது, தாயே!”

முதலில் மீன் கூடை பறந்தது. பிறகு மணல். பிறகு பெஞ்சு. முதலாளி மாலையோடு மேஜைக்கு அடியில் போய்விட்டார். கோதண்டம் குறுக்கே விழுந்து, “அண்ணன வுட்ருங்க, அது சினிமா!” என்று கத்தினான். “நீ நல்லவன், ஒனக்கு ஒண்ணும் தெரியாது, தள்ளிக்கோ” என்று அவனை ஓரமாக உட்காரவைத்தார்கள். எவனோ வீசிய துடுப்பு கலாதரன் தாடையில் பட்டது. அந்த அழகான பல்வரிசையில் முன்பக்கம் இப்போது ஒன்றும் இல்லை என்கிறார்கள். அவர் டெண்டுத் துணியை விலக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினார். நானும் பின்னால் போனேன், என்ன ஆகிறது என்று பார்க்க.

படத்தில் சந்திரசூடன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலையே நீந்திக் கடப்பார். கலாதரன் இடுப்பளவுத் தண்ணீரில் பூட்ஸ் வழுக்கி விழுந்து, அப்படியே கிடந்தார். கோதண்டம் பாய்ந்து அவரைத் தூக்கிவந்து மணலில் போட்டு, மேலே ஏறி, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியே எடுத்தான். “அண்ணா, அண்ணா” என்று அழுதுகொண்டே அமுக்கினான். மூச்சு வந்தது.

அந்த நேரம்தான் உங்கள் கான்ஸ்டபிள் வந்தார். அவர் படத்தை யானைக்கவுனிப் பக்கம் பார்த்தவர். அங்கே வெட்டாத படம். அவர் கண்ணுக்கு, சந்திரசூடன் ரத்தத்தோடு மணலில் கிடக்கிறார், உக்கிரமுகன் அவர் மேலே உட்கார்ந்திருக்கிறான். அவரைக் குறை சொல்ல முடியாது. லத்தியால் ஒன்று வைத்துக் கோதண்டத்தைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் ஜனங்கள் கலைந்துவிட்டார்கள். நான் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“நீ என்னய்யா பார்த்தே?” என்று கேட்டார்.

“கோதண்டம் அவர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தான். வயிற்றை அமுக்கினான். அவர் வாயில் ரத்தம்” என்றேன். கோதண்டம் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோர்ட்டிலும் இதையேதான் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது. தண்ணீரிலிருந்து தூக்கியது யார் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. சொக்கம்மாள் கூண்டில் ஏறி, “அவந்தான் தூக்கியாந்து காப்பாத்தினான் சாமி” என்றாள். மாமியார் ஆகப்போகிறவள் வேறென்ன சொல்வாள் என்று தள்ளிவிட்டார்கள். கோதண்டத்துக்கு ஆறு மாசம்.

இப்போதுதான் கலாதரனுக்குக் காய்ச்சல் தெளிந்து, நினைவு வந்து, தாடைக் கட்டை அவிழ்த்திருக்கிறார்கள். முதல் வார்த்தையாக, என்னைக் காப்பாற்றின கோதண்டம் எங்கே என்று கேட்டாராம். குழறலாகக் கேட்டதால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியாமல், எழுதிக் காட்டினாராம். அந்தக் குழறலோடு இனி வீரன் வேஷம் கிடைக்காது என்கிறார்கள். பாவம்தான். வேறு வேலை எத்தனையோ இருக்கிறது.

ஆமாம் ஐயா, அவரை அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கடைசித் துண்டை வெட்டினேன். காப்பாற்றினது கோதண்டம் என்பதும் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், துண்டுகளையெல்லாம் அவற்றின் இடத்தில் திரும்ப ஒட்டித்தான் படப்பெட்டியைக் கம்பெனிக்கு அனுப்பினேன் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். தொழிலில் என் மேல் குற்றம் சொல்ல இடம் கிடையாது.

கோதண்டத்தை நாளைக்கு விட்டுவிடுவதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். தேசம்மா வாரம் தவறாமல் ஜெயிலுக்கு மீன் குழம்பு கொண்டுபோய், உள்ளே விட மாட்டார்களென்று தெரிந்தும் வாசலில் நிற்கிறாளாம். இனி வீட்டிலேயே ஊற்றலாம். அவனை நீங்கள் பார்த்தால் எனக்காக ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் ரூமில் அன்றைக்கு அவன் என் வேலையைப் பற்றிப் பேசியது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.