விசிறியை நிறுத்தியவன்

மேலே குறித்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவை. வயது அறுபத்தைந்து. கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

எங்கள் ஒரே மகள் சென்ற ஆண்டு காய்ச்சலில் இறந்துபோனாள். அதன் பிறகு என் மனைவி வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மாலை ஜெபத்தில் நான் வேதம் வாசிக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போதகர் சொன்னதன் பேரில் அவளை ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். அவர் முறையாக உளவியல் படித்தவர், எங்களைப் போல விசுவாசி. வந்தவர் சம்மதித்தால் மட்டுமே ஜெபம் செய்வார். அவர் அறை மருந்துக்கடை மாடியில் இருக்கிறது. உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்று கதவின் வெளிப்புறம் இரைச்சலான ஒரு விசிறியை ஓட விட்டிருப்பார்.

வாரந்தோறும் நான் வெளியே பெஞ்சில் காத்திருப்பேன். அவள் முகம் தெளிந்து வருவாள். என்ன பேசினாய் என்று கேட்டால், சும்மாதான் என்பாள். என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அடுத்த வகுப்பில் மட்டும் கை தூக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மற்றபடி அவர்மேல் எனக்குத் தவறான சந்தேகம் இல்லை.

இன்று காலை விசிறி இரைச்சலையும் மீறி அவள் சிரிப்பது கேட்டது. மகள் போன பிறகு நான் அதைக் கேட்டதில்லை. எழுந்து விசிறியை நிறுத்தினேன்.

"கர்த்தரைத் திட்டினா அது ஜெபத்துல சேருமா டாக்டர்?"

"சேரும்மா. அவர் தாங்கிக்குவார்."

அதன் பிறகு அவள் மகளின் செல்லப் பெயரைச் சொல்லி, ஏன் எடுத்தாய் என்று கர்த்தரை வாய்விட்டுத் திட்டினாள். என்னோடு ஓர் ஆமென்கூடச் சொல்லாதவள். நான் கதவைத் தள்ளி உள்ளே போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ஆலோசகர் குறுக்கே வந்தார். பொறாமையில் அவரை நெஞ்சில் பிடித்துத் தள்ளினேன். அவர் அங்கிருந்த கண்ணாடி அலமாரிமேல் விழுந்ததில் அவர் முழங்கையில் வெட்டுப்பட்டது. ஓடி வந்த மருந்துக்கடைக்காரர், "வாத்தியாரே, பிரம்பை இன்னும் கீழ வைக்கலையா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் காவல் நிலையத்துக்கு வந்த பிறகு, அவரிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டேன்.

"நான் அழுதா நீங்க உதாரணம் சொல்வீங்க. அவர் அழ விடுறார்."

அதன் பிறகு ஆலோசகர் கட்டுப்போட்ட கையோடு வந்தார். அடுத்த வாரம் வரலாமா என்று அவள் அவரைத்தான் கேட்டாள். வாங்கம்மா, தனியாக வாங்க என்றார். நான் தடுக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

நான் சொன்னவை யாவும் நடந்தவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஆத்திரத்தில் தள்ளினேன் என்று எழுதியிருந்ததை, பொறாமையில் என்று திருத்தச் சொல்லி, அதன் கீழ் ஒப்பமிட்டேன்.