மாடிப்படித் திருப்பத்தைப் பார்த்துத் தலையசைத்த மிஸ் ஒடெஸ்ஸா ப்ருயிட் அவர்களுக்கு

காலையில் கதவைத் திறப்பீர்கள். கூடத்து விளக்கைப் போடுவீர்கள். காபி இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றி, மேசையைத் துடைப்பீர்கள். பிறகு யாருமில்லாத மாடிப்படித் திருப்பத்தைப் பார்த்து, முகவாயைத் தாழ்த்தி ஒருமுறை தலையசைப்பீர்கள். கழுத்து வலி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம்.

இன்று ஓய்வுபெறும் எங்கள் அன்புக்குரிய காப்பாளரே! ஒஹாயோவின் வெதர்பி விடுதிக்கு முப்பத்தோர் ஆண்டுகள் விளக்காகவும் வாசலாகவும் விளங்கியவரே! வணக்கம்.

வெள்ளையர் நிறைந்த இக்கல்லூரி வளாகத்தில் கறுப்பினத்தவரான நம்மவர் எதிர்ப்பட்டால், முன்பின் அறியாதவரானாலும் தலையசைப்பது நம் வழக்கம். பெரியவருக்கும் புதியவருக்கும் முகவாய் தாழும், தெரிந்தவருக்கு உயரும். அந்த ஓர் அசைவு கிடைக்காமல் முதல் வாரமே ஊர் திரும்பிய பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள்.

நம் சக ஊழியர் கார்வினின் மனைவி ரெனீட்டாவும் பதினெட்டு வயதில் இங்கு வந்தவள்தான். விடுதியில் அவள் ஒருத்தியே கறுப்பினப் பெண். அறைத்தோழி கேளாமலே அவள் கூந்தலைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. பெட்டியோடு இறங்கி உங்கள் முன் வந்து நின்றாள்.

"சாவி இந்தாங்க மிஸ் ஒடெஸ்ஸா. அந்த அக்காகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். அவங்க எந்த ரூம்?"

"எந்த அக்கா?"

"தினம் காலையில படித்திருப்பத்துல நிப்பாங்களே, பழங்காலத்துப் பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு. இங்க அவங்க ஒருத்தங்கதான் எனக்குத் தலையாட்டுனாங்க."

துணியைக் கீழே வைத்தீர்கள். "முகவாய் மேலயா, கீழயா?"

"மேல. என்னைத் தெரிஞ்ச மாதிரி."

"இந்த விடுதிக்கு வந்த முதல் கறுப்புப் பொண்ணுடி அவ. அவளுக்குத் தலையாட்ட ஒருத்தரும் இல்ல. ஒரு குளிர்காலத்துல இங்கேயே செத்துப் போனா. என் கண்ணுல பட்டதில்ல; ஆனாலும் தினம் ஆட்டறேன். உன் கண்ணுல பட்டும் நீ மரியாதையில்லாம கிளம்பறியா?"

"பேய்க்குப் போய் மரியாதையா? ஓடணும்ல?"

"இங்கேருந்து ஓடினவங்கல்லாம் பேய்க்குப் பயந்தா ஓடினாங்க?"

ரெனீட்டா பெட்டியை மேலே தூக்கிப் போனாள். பட்டம் பெற்றாள். கார்வினை மணந்தாள். மஞ்சள் தலைத்துணி கட்டிக்கொண்டு இதே மேசையில் எங்களோடு வேலை செய்தாள். சென்ற ஆண்டு ஆகஸ்டில், விடுதி திறக்கும் வாரத்தில் இறந்துபோனாள்.

"நான் போயிட்டா அந்தப் பிள்ளைங்களுக்கு யாருடா தலையாட்டுவா?" என்று கார்வினிடம் கேட்டுக் கேட்டே ஓய்வைத் தள்ளிப்போட்டீர்கள்.

போன வாரம் ஜொவெட்டா என்ற புதிய மாணவி கார்வினிடம் சாவி வாங்க வந்தாள்.

"அண்ணா, படியில நிக்கிற ரெண்டு அக்காவும் எந்த ரூம்?"

"ரெண்டா?"

"ஒருத்தங்க பச்சைக் கோட்டு. இன்னொருத்தங்க மஞ்சள் தலைத்துணி. இப்பவும் நிக்கிறாங்களே, உங்களுக்குப் பின்னாடி."

கார்வின் திரும்பவில்லை. "மஞ்சள் அக்கா முகவாய் மேலயா, கீழயா?"

"எனக்குக் கீழ. உங்களுக்கு மேல."

அவர் திரும்பினார். திருப்பம் காலியாக இருந்தது. முகவாயை உயர்த்தித் தலையசைத்தார்.

ஆகவே, அம்மையீர், கவலையின்றிச் சென்று வாருங்கள்! நோயின்றி, நெடுநாள், அந்தப் படித்திருப்பத்துக்கு வெகுகாலம் வந்து சேராமல் வாழ்க! வெதர்பி விடுதி ஊழியர்கள் அனைவரும் கையொப்பமிட்டு, மருத்துவமனையில் ரெனீட்டா கடைசியாகச் சொன்னதையும் இம்மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் சேர்த்திருக்கிறோம். மருந்து மயக்கம் என்றே அன்று நினைத்தோம்.

"ஆகஸ்ட் வந்துருச்சு, கார்வின். படியில யாராவது நிக்கணும்ல."