கம்பி வலைக்கு இந்தப் பக்கம்

— கையை மேல எடுங்க.

— எதுக்கு? நல்லாத்தான் இருக்கு.

— பஸ் இன்ஜினையே பிரிச்சுப் போட்ட கை. நான் வந்ததுலேருந்து மடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க. எடுங்கன்னா எடுங்க.

— இந்தா, பாத்துக்கோ.

— ஐயோ! விரலெல்லாம் கோணிப் போயிருக்கே! யாரு பண்ணது?

— மெதுவாப் பேசு, வாசல்ல வார்டர் நிக்கிறார். வழக்கமான கேள்வியைக் கேட்டாங்க. நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவ்வளவுதான்.

— அவ்வளவுதானாம்! நல்லா இருக்கு நியாயம். நம்ம வீட்டு ஹால்ல பாய் விரிச்சு ஜெபம் பண்ணதுக்கு ஜெயிலு, அதுக்கு மேல இது வேறயா? ‘இயேசுவை விட்டுட்டேன்’னு ஒத்த வரி சொல்லியிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க.

— இந்தா பாரு, வேற பேசு. சமையல்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுதா?

— ஒழுகுது. கீழ வாளி வச்சிருக்கேன்.

— வாஷர் தேஞ்சிருக்கும். நான் இருந்தா நொடியில முடிஞ்சிடும்.

— நீங்க இருந்தா… சரி விடுங்க.

— இங்க எனக்கு எது இல்லாமக் கஷ்டமா இருக்கு தெரியுமா? உன் தையல் மிஷின் சத்தம்.

— அட சாமியாரே! நீங்க கண்ணை மூடினதும் வேணும்னேதான் கடகடன்னு ஓட்டுவேன்.

— தெரியும். நானும் அதுக்கு மேல கத்தி ஜெபம் பண்ணுவேன். இங்க சத்தமே இல்ல. ஆனா இந்தா பாரு, ஜெபமும் வர மாட்டேங்குது. சுவத்துக்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு.

— அப்படிச் சொல்லாதீங்க.

— இப்போ ஜெபத்துக்குன்னு நம்ம வீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டாங்க, இல்ல?

— பாதிப் பேர் என்னைக் கண்டா தெருவுல அந்தப் பக்கமாப் போறாங்க. டீச்சரம்மாவும் பேக்கரிக்காரரும் மட்டும் வர்றாங்க.

— இன்னுமா? நீ உள்ள விடுறியா?

— திட்டி அனுப்பத்தான் போனேன். டீச்சரம்மா உங்க பேரைச் சொல்லி அப்படி அழுதாங்க. மிஷினை நிறுத்திட்டு நானும் பாய்ல உட்கார்ந்துட்டேன்.

— நீயா!

— நானேதான். உங்க சாமிகிட்டச் சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். சண்டை நாளாக நாளாகப் பேச்சா மாறிடுச்சு. சிரிக்காதீங்க.

— சிரிக்கல. ஒன்னு சொல்றேன், திட்டாதே. நாளைக்குக் கூப்பிடும்போது ‘விட்டுட்டேன்’ங்கிற அந்த வரியைச் சொல்லிடப் போறேன்.

— என்னங்க சொல்றீங்க?

— என்னால முடியல. அடிக்காக இல்ல, அதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிடலாம். கண்ணை மூடினா நீதான் தெரியுற. தனியா சாப்பிட உட்கார்ற. தனியா விளக்கை அணைக்கிற. இயேசு மன்னிச்சாலும் சரி, மன்னிக்காட்டியும் சரி, எனக்கு வீட்டுக்கு வரணும். உன் பக்கத்துல சும்மா உட்காரணும்.

— எனக்கும்தாங்க. உங்க பக்கத்துத் தலையணையை இன்னும் எடுத்து வைக்கல.

— அப்புறம் என்ன? போன தடவை அதைச் சொல்லச் சொல்லிக் கால்ல விழாத குறையாக் கெஞ்சினவ, இப்போ ஏன் அழுவுற?

— நீங்க வர்றப்போ வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க.

— ஏன்? நீ எங்க போற?

— நாளைக்கு என்னையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அதே கேள்வியைத்தான் கேட்பாங்க. நான் விட மாட்டேன்னு சொல்லப் போறேன்.